சிவப்பு அடித்த கயிறு

போன வாரம் நான் வேலை பார்த்த யார்டிலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். சின்ன வயசுக் குரல், ரொம்ப மரியாதை. "பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு மலர் போடறோம் சார். நீங்க முப்பத்து மூணு வருஷம் கிரேன் ஓட்டினவரு. தேவராஜ் கேஸைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பேராசை ஒரு நல்ல தொழிலாளியை எப்படிக் கெடுத்துச்சுன்னு கருத்தா வரணும்" என்றார். பிறகு செல்போனில் ஒரு படம் அனுப்பினார். கூட்டத்தில் திரையில் போடப்போகும் படமாம். தேவராஜின் அடையாள அட்டைப் போட்டோ, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே 'மனிதத் தவறு' என்று கொட்டை எழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்தப் போட்டோ எடுத்த அன்று அவனுக்கு டை கட்டத் தெரியாமல் நான்தான் கட்டிவிட்டேன். எனக்கும் தெரியாது, ஏதோ ஒரு முடிச்சுப் போட்டேன். போட்டோவில் பாருங்கள், டை கோணலாக இருக்கும். அதன் மேல் பெருக்கல் குறி போட இவர்கள் யார்?

சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட கருத்து இதில் வருமா என்று எனக்குத் தெரியாது.

என் பெயர் முனுசாமி. திருவொற்றியூர்க்காரன். எங்கள் யார்டு எண்ணூர் போகிற சாலையில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பாய்லர்களுக்கு வேண்டிய பெரிய உருளைகள், எண்ணெய்த் தொட்டிகள், கோபுரங்கள் எல்லாம் அங்கே செய்து, டிரெய்லரில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவோம். நானும் தேவராஜும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பயிற்சி ஒரு வருடம். முதல் ஆறு மாதம் கிரீஸ் துடைத்தோம், அடுத்த ஆறு மாதம் திட்டு வாங்கினோம். அவ்வளவுதான் பயிற்சி. அப்புறம் நான் கிரேன் கேபினுக்கு மேலே ஏறினேன். அவன் கீழே நின்றான். பாரத்துக்குக் கயிறு கட்டி, விசில் ஊதி, கையைக் காட்டி என்னைத் தூக்க வைப்பது அவன் வேலை. முப்பது வருடம் அவன் கை சொன்னதை என் கை செய்தது.

அவன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஆள். அப்பா ரயில்வே யார்டில் மூட்டை தூக்கியவர். இவன் ஐ.டி.ஐ. வரைக்கும் படித்தான். எங்களோடு மூன்றாவதாக ஓர் ஆள், ஏசுதாஸ். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, எங்களைவிட நான்கு வயது மூத்தவர். கடலுக்குப் போகாமல் யார்டுக்கு வந்தவர். கயிறு என்றால் அவருக்குக் கையிலேயே கண். நாங்கள் மூவரும் தோஸ்து. காலையில் நாஷ்டா, மத்தியானச் சோறு எல்லாம் ஒன்றாகத்தான்.

எங்கள் தொழிலில் உயிரே கயிறுதான். கயிறு என்றால் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்து, இரண்டு முனையிலும் காது வைத்தது. ஸ்லிங் என்போம். ஒவ்வொரு மாதமும் அதைச் சோதிக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதி என்ன, ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றுக்கும் டிக் போடுவான். தேவராஜ் ஃபோர்மேன் ஆனதும் அதை மாற்றினான்.

மாதத்தின் முதல் வேலை நாள் எங்களுக்குக் கயிறு நாள். அன்று மத்தியானம் வரை கிரேன் அசையாது. எல்லா ஸ்லிங்கையும் கொண்டுவந்து, கட்டைகளின் மேல் நீளமாகப் படுக்க வைப்பார்கள். ஏசுதாஸ் ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து, கயிற்றைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். கம்பி எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே பஞ்சு மாட்டிக்கொண்டு நிற்கும். பின்னாலேயே தேவராஜ் குந்தி உட்கார்ந்து சாக்பீஸால் குறி போடுவான். ஒரு சாண் நீளத்துக்குள் எத்தனை கம்பி போயிருக்கிறது என்று எண்ணுவான். கணக்கு மிஞ்சினால் சிவப்பு பெயின்ட். சிவப்பு அடித்த கயிறு செத்த கயிறு. யாரும் தொடக் கூடாது.

சிவப்பு அடிப்பதோடு முதலில் விட்டுவிடுவோம், குப்பைத் தொட்டியில் போடுவோம். ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் குப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துத் தன் வேலைக்குக் கட்டியிருந்தார். நான் மேலிருந்து பார்த்துவிட்டு ஹாரன் அடித்தேன். தேவராஜ் வந்தான். கோபம் வந்தால் அவன் கத்த மாட்டான், குரல் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து.

"அண்ணாத்தே," என்றான், காதோடு பேசுகிற மாதிரி. "அத்த அவுத்து கீய வையி."

"ஒரே ஒரு தூக்குதாம்பா. இதுக்கு இன்னா ஆவப் போவுது? கயிறு நல்லாத்தான் கீது."

"நல்லா கீதா? அப்டீன்னா நீ போயி அதுக்குக் கீய நில்லு. நான் முன்சாமிய தூக்கச் சொல்றேன். நின்னுக்கினியா? ஏன் நிக்க மாட்டேன்ற?"

கான்ட்ராக்டர் தானே அவிழ்த்தார். கயிறு கீழே வந்தது. தேவராஜ் இரும்பு வெட்டும் கேஸ் கட்டரை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் அதை நடுவில் இரண்டாக வெட்டினான். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சிவப்பு அடித்தால் அடுத்த நிமிடம் வெட்டு. எல்லோரும் பார்க்க வெட்ட வேண்டும். வெட்டி முடிந்தால் ஏசுதாஸ் வீட்டிலிருந்து வந்த நெத்திலி வறுவலைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். பத்துப் பதினோரு வருடம் எங்கள் யார்டில் ஒரு கயிறு கூட அறுந்ததில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இன்னொரு வழக்கமும் அவனுடையது. எந்தப் பாரமானாலும் முதலில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்த வேண்டும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். கயிற்றைப் புறங்கையால் தொடுவான், கோயிலில் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது போல. அப்புறம்தான் விசில். பின்னால் எத்தனை லாரி நின்று ஹாரன் அடித்தாலும் அவன் நடை வேகம் மாறாது.

இப்படிப்பட்டவனைத்தான் இவர்கள் பேராசைக்காரன் என்கிறார்கள்.

ஆசை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஆசை எங்கே பிறந்தது என்றும் எனக்குத் தெரியும். யார்டு ஓரத்தில் மாடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கும். யார்டு இன்சார்ஜ் அங்கேதான் உட்காருவார். ஒரு மழை நாளில் இன்ஜினியர்களுக்கு ஒரு படத்தை விளக்க தேவராஜைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே ஒரு இன்ஜினியர், அவன் பூட்ஸைப் பார்த்தார். "அங்கயே நில்லுப்பா. கார்ப்பெட் புதுசு" என்றார். அவருக்குத் தெரியாத கணக்கை இவன் வாசலில் நின்றபடியே சொல்லிக் கொடுத்தான். அரை மணி நேரம். உள்ளே ஆறு நாற்காலி இருந்தது, இரண்டு காலி. இறங்கி வரும்போது என்னிடம் சொன்னான்: "ஒருநா அந்த ரூம்புல நான் குந்துவேன்டா முன்சாமி. இதே ஷூவோட."

அந்த ஆசையில் என்ன தப்பு? இன்றைக்கும் கேட்கிறேன். கீழே நின்று முப்பது வருடம் வேலை செய்தவன் மேலே உட்கார நினைத்தால் அது பேராசை. எங்கிருந்தோ வந்து நேரே மேலே உட்காருபவனுக்கு அதே ஆசை இருந்தால் அதற்குப் பேர் திறமை. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

இன்சார்ஜ் ஓய்வு பெற்றதும் பெரிய மேனேஜர் தேவராஜைக் கூப்பிட்டார். ஆறு மாதம் தற்காலிகமாக இன்சார்ஜ் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் யார்டில் வேலை நிற்காமல் ஓடினால் நிரந்தர ஆர்டர். எங்கள் யார்டில் பட்டம் இல்லாத ஒருவன் அந்த நாற்காலிக்குப் போனதே இல்லை. யார்டு முழுக்க லட்டு கொடுத்தான். ஏசுதாஸ் அவனைக் கட்டிப்பிடித்து, "தேவா, கண்ணாடி ரூம்புக்குப் போயிட்டு எங்கள மறந்துடாத நைனா" என்றார். "போய்யா, உன்ன மறந்தா எனுக்கு நெத்திலி யாரு குடுப்பா?" என்றான்.

இங்கிருந்துதான் எனக்கு அவன் மேல் கோபம். இனி எழுதப்போவது எதையும் அவனுக்குச் சாதகமாக மழுப்ப மாட்டேன்.

முதல் மாதம் கயிறு நாள் வந்தது. வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்து குந்தி உட்கார்ந்து சாக்பீஸ் பிடித்தான். மூன்று கயிறு போயிற்று, வெட்டினான். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்: "ஒரு அரை நாள் மொத்த யார்டும் நின்னிருக்கு. மூணு ஸ்லிங்கைக் காணோம். இதுதான் நீங்க நடத்தற லட்சணமா?" புதுக் கயிறு கேட்டு இவன் எழுதிய கடிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. அது கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மாதம் ஏசுதாஸ் மட்டும் பஞ்சை இழுத்தார். தேவராஜ் மேலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஒரு பெரிய ஸ்லிங்கில் பஞ்சு ஏழெட்டு இடத்தில் மாட்டியது. சிவப்பு அடித்தார்கள். கேஸ் கட்டர் வந்தது. தேவராஜ் படியில் இறங்கி வந்து, "வெட்டாத. ரூம்புல வெச்சிப் பூட்டு. புதுசு வந்ததும் வெட்டிக்கலாம்" என்றான்.

ஏசுதாஸ் பஞ்சைக் கையில் வைத்தபடி அவனைப் பார்த்தார். "இன்னாபா இது புதுசா கீது? செவப்பு அடிச்சா வெட்டணும்னு நீதான சொன்ன?"

"பூட்டித்தான வெக்கிறோம்? சாவி என்கிட்டதான் இருக்கும். என் மேல நம்பிக்கை இல்லியா உனுக்கு?"

"உன் மேல நம்பிக்கை கீது. கயித்து மேலதான் இல்ல" என்று சிரித்தார் ஏசுதாஸ். கயிறு பூட்டப்பட்டது. நான் கேபினிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அவன் மேலே போக வேண்டும் என்று ஆசை. எங்களில் ஒருவன் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதைக் கேபினிலிருந்து பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மாதம் கயிறு நாளே இல்லை. டிக் போட்டார்கள்.

ஆறாவது மாதக் கடைசியில் அந்த டிரம் வந்தது. பாய்லருக்கான இரும்பு உருளை, ஒரு பஸ் நீளம். அதைத் தூக்க ஒரே அளவில் இரண்டு பெரிய ஸ்லிங் வேண்டும். எங்களிடம் மூன்று இருந்தன. ஒன்று வள்ளூரில் ஒரு வேலைக்குப் போயிருந்தது. ஒன்று நல்ல நிலையில் கையில் இருந்தது. மூன்றாவது, பூட்டிய அறையில் சிவப்போடு கிடந்தது. டிரம் அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும், கப்பல் நிற்கிறது.

காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கிரேன் ஓட்டுபவன் என்பதால் நானும் அந்த அறையில் நின்றேன். தேவராஜ் சொன்னான்: "சார், ஒரு ஸ்லிங் குறையுது. வள்ளூர்ல வேலை முடிஞ்சு நாளைக்கு மத்தியானம் வந்துடும். ஒரு நாள் குடுங்க."

மேனேஜர் நிமிரவே இல்லை. ஏதோ படித்துக்கொண்டே பேசினார். "கயிறு இல்லைன்னு சொல்றதுக்கு எனக்கு இன்சார்ஜ் வேண்டாம் தேவராஜ். அதை வாசல்ல நிக்கற வாட்ச்மேனே சொல்லுவான். நாளைக்கு ஆர்டர்ல கையெழுத்துப் போடப் போறேன். எந்தப் பேர்ல போடறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

தேவராஜ், "சாயங்காலம் போயிடும் சார்" என்றான். அந்தக் குரல் இறங்கவே இல்லை. எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் அவன் கோபப்படவில்லை.

பதினொரு மணிக்கு நான் கிரேனுக்குக் கீழே டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். தேவராஜ் ஸ்டோர் பக்கமிருந்து வந்தான். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருந்தான். டீ கிளாஸை நீட்டினேன். வாங்கினான். அவன் கையிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

யார்டில் மண்ணெண்ணெய் வாசனை அதிசயமில்லை. ஃபிட்டர்கள் நாள் பூராவும் பாகங்களைக் கழுவுவார்கள். ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட இன்சார்ஜ் கையில் அது வரக் காரணமில்லை. கிரீஸ் பூசிய கம்பியின் மேல் அடித்த பெயின்ட் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் நகக் கண்ணில் லேசாகச் சிவப்பு இருந்தது. நான் டீயைக் குடித்தேன். அவனும் குடித்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். "இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி" என்றேன். "ஆமா" என்றான். கிளாஸை வைத்துவிட்டுப் போனான். நான் ஏணியில் ஏறினேன்.

அன்று தேவராஜே விசிலைக் கையில் எடுத்தான். வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. ஏசுதாஸ் கயிறு மாட்டும்போது ஒன்றைக் கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தேன். தேவராஜிடம் ஏதோ கேட்டார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தேவராஜ் அவர் தோளைத் தட்டினான். ஏசுதாஸ் தலையை ஆட்டிக்கொண்டு, பாரம் ஆடாமல் இருக்க வழிகாட்டும் கயிற்றைப் பிடிக்கப் போனார். அப்படி ஒரு நம்பிக்கை அந்த மனுஷனுக்கு.

ஒரு சாண் தூக்கினேன். தேவராஜ் கையைப் பின்னால் கட்டிச் சுற்றி வந்தான். நடை வேகம் மாறவில்லை. ஆனால் ஒன்று செய்யவில்லை. கயிற்றைப் புறங்கையால் தொடவில்லை. விசில் ஊதினான். என் கை லீவரை இழுத்தது.

டிரம் ஆள் உயரத்துக்கு மேல் போனது. டிரெய்லர் பின்னோக்கி அதன் அடியில் வந்தது. டிரெய்லர் தளத்தில் டிரம் உட்காருவதற்காகப் போட்டிருந்த மரக்கட்டை ஒன்று நகர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஏசுதாஸ் போனார். பாரம் மேலே இருக்கும்போது போகக் கூடாது. போனார். ஒரு கைதான் நீட்டினார்.

கயிறு அறுந்த சத்தம் பெரிதாகவெல்லாம் இல்லை. அதற்கப்புறம் வந்த சத்தம்தான் பெரிது. டிரம்மின் ஒரு முனை கீழே போயிற்று.

நான் மேலிருந்து பார்த்தது இதுதான். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். தேவராஜ் மட்டும் முன்னால் ஓடினான். அந்த டிரம்மின் எடை கிலோ வரைக்கும் தெரிந்தவன், அதன் மேல் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். "தூக்குடா முன்சாமி, தூக்குடா" என்று கத்தினான். அவன் கத்தி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். எதைக் கொண்டு தூக்குவேன்? பாவி, எதைக் கொண்டு தூக்குவேன்?

விசாரணை பதினைந்து நாளில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். என்னைக் கேட்டார்கள்: "கயிற்றில் சிவப்பு இருந்ததா?" "கேபின்ல இருந்து தெரியல சார்" என்றேன். அது நிஜம். அடுத்துக் கேட்டார்கள்: "தூக்கச் சொல்லி யாராவது தேவராஜை நெருக்கினதா உங்களுக்குத் தெரியுமா?" மேனேஜர் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. "எனக்குத் தெரியாது சார்" என்றேன். அது பொய். மண்ணெண்ணெயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேவராஜைக் கேட்டபோது எழுந்து நின்றான். "சாவி என்னுது. செவப்ப நான்தான் அழிச்சேன். விசிலு நான்தான் ஊதினேன். யாரும் சொல்லி நான் செய்யல" என்றான். ஏண்டா, உனக்கு என்ன கேடு வந்தது? காலை ஒன்பது மணிக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஆள் இன்றைக்கு இப்படி நிம்மதியாக இருப்பானா? வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "அவன் நெருக்கினான்தான். அதுக்கு? அதே மேனேஜரு பத்து வருசமா என்னை நெருக்கிகினுதான் இருந்தான். அப்பல்லாம் முடியாதுன்னேன். அன்னிக்கு மட்டும் சரின்னேன். ஏன்னு எனுக்குத்தான் தெரியும்" என்றான். அந்தத் திமிரில்தான் அவன் கெட்டான் என்று தோன்றும் சில நேரம். பொய் சொல்லிப் பிழைக்கவும் அந்தத் திமிர்தான் அவனை விடவில்லை என்று தோன்றும் சில நேரம். இரண்டுக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வேலை போயிற்று. கோர்ட்டு, கேஸ், கொஞ்ச காலம் ஜெயில். அதற்கெல்லாம் முன்னால், ஏசுதாஸ் அடக்கம் ஆன மூன்றாம் நாள் காசிமேட்டுக்குப் போனான். நானும் போனேன். ஏசுதாஸின் மனைவி ரோசம்மா வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டார்.

"கயிறு கெட்டதுன்னு உனுக்குத் தெரியுமா தெரியாதா தேவா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிமா அவுர அனுப்பின?"

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை, கதவைச் சாத்தினார். அப்புறம் எத்தனையோ தடவை போனான். கதவு திறக்கவில்லை. மேனேஜர் பெரிய பதவிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பாதுகாப்பு வாரத்துக்கும் குத்துவிளக்கு ஏற்றுவது அவர்தான் என்கிறார்கள். இந்த வருடமும் அவர்தானாம்.

அதிகாரி போன் செய்த மறுநாள் நான் மாதவரத்துக்குப் போனேன். தேவராஜ் அங்கே லாரி நிற்கும் இடத்தில் சரக்குக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை பார்க்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு லாரியின் மேல் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முடிச்சையும் போட்டபின் புறங்கையால் தொட்டான். கீழே வந்ததும் அந்தப் படத்தைக் காட்டினேன். பெருக்கல் குறியைப் பார்த்தான். முகம் மாறவில்லை.

"டை கோணலா கீது" என்றான்.

"எயிதச் சொல்றாங்கடா. இன்னா எயிதறது? நான் முடியாதுன்னு சொல்லிடட்டா?"

"ஏன்? எயிது. என் பேரப் போட்டே எயிது. ஏசுதாஸ் பேரப் போடு. மேனேஜர் சொன்னதும் எயிது, உனுக்குத் தெம்பு இருந்தா." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "கிருஷ்ணாயிலையும் எயிது."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெயை நாங்கள் கிருஷ்ணாயில் என்றுதான் சொல்வோம்.

"இன்னா பாக்குற? அன்னிக்கு டீ கிளாஸ குடுக்கறப்போ உன் மூக்கு சுளிச்சிச்சு. என் கைய பாத்த. உனுக்குத் தெரிஞ்சிபோச்சின்னு எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. டீய குடிச்சிட்டு அங்கியே நின்னேனே, எதுக்குன்னு நினைச்ச? நீ கேப்பன்னுதான் நின்னேன். நீ வெயிலப் பத்திப் பேசின."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தேவராஜ் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான், பொறு என்று. அந்தக் கை இன்னும் அதே கை.

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பியாடா?" என்றேன்.

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். "தெரியல முன்சாமி. சத்தியமா தெரியல. ஆனா நீ கேட்டிருக்கணும்."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் மேல் கோபம், மேனேஜர் மேல் கோபம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு சத்தம் போட்டேன்.

மலர் போடும் அதிகாரிக்கு: தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். படத்தில் ஒரு ஆள் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். அன்று யார்டில் மூன்று பேர் தப்பு செய்தோம். அவன் கயிற்றின் சிவப்பை அழித்தான். மேனேஜர் அவனை அழிக்க வைத்தார். நான் வாசனை தெரிந்தும் ஏணியில் ஏறினேன். மூன்று போட்டோவும் போடுங்கள். என்னுடையது உங்கள் ஆபீசிலேயே இருக்கும். மேனேஜர் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், தோன்றினால் தயவுசெய்து மொத்தத்தையும் வெட்டிவிடுங்கள். சிவப்பை மட்டும் அழித்துவிட்டுக் கயிற்றை மறுபடி மாட்டாதீர்கள். அதற்குக் கீழே ஒருவர் கையை நீட்டுவார்.